தொட்டிச் செடி ஏன் வாடுகிறது? எக்ஸெல்லிடம் கேட்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். பாட்டு கேட்பார்கள், சீட்டு விளையாடுவார்கள், குழந்தைகள் பெயின்ட் திறந்து வீடும் மலையும் வரைவார்கள். ஒருநாள் எக்ஸெல்லையும் திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக ஏதோ இருக்கும். "இது ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு" என்று மூடிவிடுவார்கள். அதன்பின் அந்தப் பக்கமே போகமாட்டார்கள்.

இந்த மாதம் அந்தக் கட்டங்களை வீட்டு வாசலில் வாடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டிச் செடிக்குப் பயன்படுத்தப் போகிறோம். எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் சரி. இங்கு சொல்லும் கணக்குகள் மூன்றிலும் ஒரே மாதிரிதான். மெனுக்கள் இருக்கும் இடம்தான் சற்று மாறும்.

இந்த யோசனை வந்ததற்குக் காரணம் வாணியம்பாடியில் இருக்கும் என் அக்கா. போன வெயில் காலத்தில் போன் செய்தார்.

"தம்பி, ரோஜாவுக்கு தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன்டா. அப்படியும் தலை தொங்கிப் போகுது. கறிவேப்பிலை எல்லாம் ஓரம் கருகுது."

"என்ன தண்ணிக்கா ஊத்துற?"

"ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியே போகுதே, அந்தத் தண்ணிதான். சும்மா சாக்கடையில விட மனசு வரல."

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. சிக்கனம் நல்லதுதான். ஆனால் இந்த ஊர்களில் அந்தச் சிக்கனம் செடியைக் கொல்லும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரே அறிகுறி, மூன்று காரணங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. மானிட்டர் கேபிள் கழன்றிருக்கலாம், ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம், பவர் சப்ளை போயிருக்கலாம். மூன்றுக்கும் திரையில் தெரிவது ஒன்றுதான். எது என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைக் கழற்றி மாட்டினால் வேலைக்கு ஆகாது.

செடி வாடுவதும் அப்படியே. தண்ணீர் போதாவிட்டால் வாடும். தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுத் திணறி அழுகினாலும் வாடும். தண்ணீரில் உப்பு அதிகமாக இருந்தாலும் வாடும். முதல் காரணத்துக்கு மருந்து தண்ணீர். இரண்டாவதுக்குத் தண்ணீரே விஷம். மூன்றாவதுக்கு எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். ஆனால் வாடிய இலையைப் பார்த்தவுடன் நம் கை தானாகச் செம்புக்குப் போகிறது!

கண்ணால் பார்த்தே ஓரளவு பிரிக்கலாம். தண்ணீர் போதாத செடியில் மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். இலை மொறமொறவென்று காயும். தொட்டியைத் தூக்கினால் கைக்கு லேசாக இருக்கும். தண்ணீர் அதிகமான செடியில் கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகி, தொட்டால் தொளதொளவென்று விழும். மண்ணில் ஒரு புளித்த வாடை வரும். கண்ணுக்குத் தெரியாத அளவில் கொசு மாதிரிப் பூச்சிகள் மண்மேல் பறக்கும். உப்பு பாதித்த செடியில் இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். மண்மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படியும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடும்.

இன்னொன்று. 'வெயிலூர்' என்று கேலி செய்யும் அளவுக்கு மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் தலை தொங்கி, மாலையில் தானே நிமிரும் செடிக்கு ஒன்றும் இல்லை. அதை விட்டுவிடுங்கள். காலை ஆறு மணிக்கும் வாடியிருந்தால்தான் பிரச்னை.

ஆனால் கண் ஏமாறும். அதனால் அளந்து பார்ப்போம்.

இந்தப் பக்கத் தண்ணீரில் உப்பு எப்படி வந்தது?

கொஞ்சம் வரலாறு. இது தெரிந்தால்தான் மீட்டரில் வரும் எண் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது புரியும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் பாலாற்றை ஒட்டியவை. பழைய வேலூர் மாவட்டம் 2019ல் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. தோல் பதனிடுவதும் ஷூ தைத்து ஏற்றுமதி செய்வதும் இந்தப் பகுதியின் பிழைப்பு. பச்சைத் தோல் மண்டிக்கு வரும்போதே அதன்மேல் உப்பு வாரி இறைக்கப்பட்டிருக்கும். தோலில் உள்ள ஈரத்தை உப்பு இழுத்துவிடும், ஈரம் இல்லாவிட்டால் பாக்டீரியா வளராது, தோல் அழுகாது. தொழிற்சாலையில் முதல் வேலையே அந்தத் தோலை ஊறவைத்து உப்பைக் கழுவுவதுதான். அந்தக் கழிவுநீர் பல ஆண்டுகள் பாலாற்றுப் படுகையிலும் நிலத்திலும் போய்ச் சேர்ந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்ட ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் அதில் உண்டு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு இது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீராயின. ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பில் குரோமியத்தையும் அழுக்கையும் பிரிக்கலாம். கரைந்த உப்பு போகாது. அதற்கு ஆர்.ஓ.வும் அதற்குமேல் ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். அவை பின்னால்தான் வந்தன. நிலத்துக்குள் போன உப்பு போனதுதான். இந்த விவகாரம் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2025 ஜனவரி 30ல் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது.

எல்லா உப்பையும் தோல் தொழிலின் தலையில் கட்டுவதும் சரியல்ல. பாறை நிலத்துக் கிணறுகளில் இயற்கையாகவே உப்பும் சுண்ணாம்பும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு போர்களில் இரண்டு விதமான தண்ணீர் வரும். அதனால்தான் உங்கள் வீட்டுத் தண்ணீரை நீங்களே அளக்க வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டர்

பேனா மாதிரி இருக்கும் இந்த மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆர்.ஓ. மெஷின் பொருத்த வருகிறவர் பையில் ஒன்று கட்டாயம் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புக்களை லிட்டருக்கு இத்தனை மில்லி கிராம் என்று காட்டும். பி.பி.எம். என்று போட்டிருப்பதும் அதுதான்.

உண்மையில் இது உப்பை எடை போடுவதில்லை. முனையில் உள்ள இரண்டு கம்பிகளுக்கு இடையே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. உப்பு கூடினால் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆகவே எந்த உப்பு என்று இதற்குத் தெரியாது. சாப்பாட்டு உப்பா, சுண்ணாம்பா, உரமா என்று பிரிக்காது. குரோமியம் கலந்திருந்தாலும் சொல்லாது. மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக அந்தத் தண்ணீர் குடிக்க நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

புதிதாக வாங்குகிறவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. பல மீட்டர்களில் திரையில் மூன்று இலக்கம்தான். 999ஐத் தாண்டினால் மூலையில் சிறிய எழுத்தில் பெருக்கல் 10 என்று வரும். 145 என்று தெரிந்தால் உண்மையில் 1,450. அக்கா முதலில் 145 என்றுதான் போனில் சொன்னார். "பரவாயில்லையே, ஊட்டித் தண்ணி மாதிரி இருக்கே" என்று நானும் சொல்லிவிட்டேன்.

ஒப்பிட இரண்டு அளவுகள் போதும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. பாசனத்துக்கு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டி, 450க்குக் கீழே இருந்தால் தடையில்லை, 450 முதல் 2,000 வரை கவனம் தேவை, அதற்கு மேல் கடும் சிக்கல் என்கிறது. இது வயலுக்குச் சொன்னது. வயலில் உப்பு கீழே இறங்கிப் போக இடம் உண்டு. தொட்டியில் எங்கே போகும்?

இப்போது அக்கா வீட்டுக் கணக்கு. போர் தண்ணீர் 1,450. ஆர்.ஓ. மெஷின் 3 லிட்டர் இழுத்து 1 லிட்டர் நல்ல தண்ணீர் கொடுத்து 2 லிட்டரை வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 லிட்டரில் இருந்த உப்பு 4,350 மில்லி கிராம். நல்ல தண்ணீரோடு போனது 90. மீதி 4,260 மில்லி கிராமும் அந்த 2 லிட்டரில்தான் இருக்கும். அதாவது லிட்டருக்கு 2,130. மெஷின் உப்பை அழிப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறு பக்கத்தில் சேர்க்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் அக்கா ரோஜாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். தினமும் அரை லிட்டர் என்றாலும் மாதத்துக்கு 32 கிராம் உப்பு. ஒரு கைப்பிடி! தொட்டிக்கு அடியில் தட்டு வேறு வைத்திருந்தால் அதில் ஒரு துளிகூட வெளியே போகாது.

உப்பு இருந்தால் வேர் ஏன் குடிக்காது? ஊறுகாய் போடுகிறவர்களுக்குத் தெரியும். மாங்காயில் உப்பைப் போட்டால் மாங்காய் நீர் விடும். தோல் மண்டியில் நடப்பதும் அதுதான். வேரைச் சுற்றி உப்பு கூடினால் தண்ணீர் வேருக்குள் போகத் தயங்கும். மிகவும் கூடினால் திரும்பி வெளியே வரும். செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும்.

எக்ஸெல் ஷீட் தயாரிக்கலாம்

தேவையானவை: சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று (5 கிலோ அல்லது 10 கிலோ வரை தாங்குவது), டி.டி.எஸ். மீட்டர், அளவு குறித்த ஒரு பழைய பாட்டில். தராசில் ஏற்ற முடியாத பெரிய தொட்டிக்கு, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு உதவும்.

புதிய ஷீட்டைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்திடுங்கள். ஏ1ல் தேதி, பி1ல் ஊற்றும் முன் எடை, சி1ல் ஊற்றி வடிந்தபின் எடை, டி1ல் ஊற்றிய நீரின் டி.டி.எஸ்., இ1ல் வடிந்த நீரின் டி.டி.எஸ்., எஃப்1ல் தினசரி இழப்பு. ஏ, பி, சி என்று நாம் சொல்வது ஷீட்டின் மேலே தெரியும் ஆங்கில எழுத்துக்கள்.

தேதியில் ஓர் எச்சரிக்கை. 5/6 என்று டைப் செய்தால் உங்கள் கம்ப்யூட்டர் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அதை மே 6 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது ஜூன் 5. கணக்கு முழுவதும் கோளாறாகிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜியன் பகுதியில் இந்தியா என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். இன்றைய தேதியை இட, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அரைப்புள்ளி கீயைத் தட்டினால் போதும்.

தண்ணீர் ஊற்றும் நாளில் முதலில் தொட்டியை எடை போட்டு பி காலத்தில் எழுதுங்கள். தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவது நிற்கும் வரை (அரை மணி நேரம்) விட்டு, மீண்டும் எடை போட்டு சி காலத்தில். வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்து மீட்டரை விட்டு இ காலத்தில். முழுதாக மூன்று நிமிட வேலை. காத்திருப்பதுதான் அரை மணி.

இரண்டாவது முறை ஊற்றும்போதுதான் எக்ஸெல்லுக்கு வேலை வரும். எஃப்3 செல்லில் கர்சரை வைத்து சமக்குறி (=) போடுங்கள். திறக்கும் அடைப்புக்குறி. சி2 செல்லை மவுஸால் கிளிக் செய்திடுங்கள். கழித்தல் குறி. பி3 செல்லைக் கிளிக் செய்திடுங்கள். மூடும் அடைப்புக்குறி. வகுத்தல் கோடு (/). மறுபடி திறக்கும் அடைப்புக்குறி, ஏ3ல் கிளிக், கழித்தல், ஏ2ல் கிளிக், மூடும் அடைப்புக்குறி. என்டர். அதாவது, போன முறை விட்டுச்சென்ற எடையிலிருந்து இன்றைய எடையைக் கழித்து, நடுவில் போன நாட்களால் வகுக்கிறோம். ஒரு கிராம் எடை குறைந்தால் ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். செடியின் ஒருநாள் குடியளவு இதோ உங்கள் கையில்!

சில சமயம் விடை எண்ணாக வராமல் ஏதோ 1900ஆம் ஆண்டுத் தேதியாக வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். தேதிகளைக் கழித்ததால் எக்ஸெல் விடையும் தேதிதான் என்று நினைத்துக்கொண்டது. அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் போய், நம்பர் என்று மாற்றுங்கள். பின் அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா போய்விடும். எழுதாத வரிசைகளில் அர்த்தமற்ற எண்ணோ பிழைச் செய்தியோ தெரியும். எண்களை இட்டவுடன் சரியாகிவிடும்.

எண்களை எப்படிப் படிப்பது?

மண்ணில் இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருக்கும் நாளில் எடை போடுங்கள். அந்த எடைதான் 'ஊற்ற வேண்டிய எடை'. அடுத்த முறையிலிருந்து விரல் வேண்டாம், எடை சொல்லும். பி காலத்தைத் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று போய், அந்த எடையைவிட ஐம்பது கிராம் கூட்டிக் கொடுங்கள். ஊற்ற வேண்டிய நாளில் செல் சிவப்பாகும். சிவப்பாகாத நாளில் ஊற்றுகிறீர்கள் என்றால் அது செடிக்கு அல்ல, உங்கள் மன ஆறுதலுக்கு.

எஃப் காலம்தான் இதில் உயிர். ரோஜா ஒருநாளைக்கு 150 கிராம் இழந்துகொண்டிருந்தது. வெயில் குறையவில்லை. செடியை இடம் மாற்றவில்லை. ஆனால் இழப்பு 110, 80, 60 என்று இறங்குகிறது. மண் ஈரமாகவே இருக்கிறது. இதற்கு ஒரே பொருள்தான்: வேர் குடிக்கவில்லை. ஒன்று அழுகல், அல்லது உப்பு. மண் காய்ந்து போய் இழப்பு குறைந்தால் அது வேறு. அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை.

மண்ணின் மேலிருந்தே கொஞ்சம் ஆவியாகுமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதே அளவுத் தொட்டியில் அதே மண்ணைப் போட்டு, செடி வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். அதன் இழப்பை இன்னொரு காலத்தில் எழுதிக் கழித்தால், செடி மட்டும் குடித்தது தனியாக வந்துவிடும். என் அக்கா இதைச் செய்ய மறுத்துவிட்டார். வெறும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார்.

அழுகலா உப்பா என்பதை இ காலம் பிரித்துவிடும். வடிந்த நீரின் டி.டி.எஸ். ஊற்றியதைவிடச் சற்றே கூடியிருந்தால் உப்பு தேங்கவில்லை. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கறுத்து, தொட்டால் உரிந்து வந்தால் அழுகல். கறுத்ததை வெட்டி, புது மண்ணில், ஓட்டை அடைபடாத தொட்டியில் மாற்றி நடுங்கள். வடிந்த நீர் மூன்று நான்கு மடங்கு கூடியிருந்தால் உப்பு. அண்மையில் உரம் போட்டிருந்தால் அதுவும் இந்த எண்ணில் சேரும். பத்து நாள் கழித்துப் பாருங்கள். அக்காவின் ரோஜாத் தொட்டியில் 620 என்று வந்தது. பெருக்கல் 10 போட்டால் 6,200. கடல் நீர் ஏறத்தாழ 35,000. கடலில் ஆறில் ஒரு பங்கு!

கழுவி விடுவது

உப்பு தேங்கிய தொட்டியைக் கழுவ வேண்டும். 5 லிட்டர் தொட்டி என்றால் மொத்தம் 10 லிட்டராவது, ஒரே மூச்சில் கொட்டாமல், ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, வடியவிட்டு, மறுபடி ஊற்றி. அடியில் தட்டு இருக்கக் கூடாது. அவ்வப்போது வடியும் நீரை அளந்து பாருங்கள். 6,200, 4,000, 2,500 என்று எண் இறங்குவதைக் காண்பது டிஸ்க் கிளீனப் ஓடுவதைப் பார்ப்பது போல ஒரு சுகம். நல்ல தண்ணீர் அவ்வளவு இல்லையென்றால், முதல் பாதியைப் போர் தண்ணீரிலேயே கழுவலாம். 1,450 என்றாலும் 6,200ஐ அது குறைக்கும். கடைசி மூன்று நான்கு லிட்டர் மட்டும் உப்பில்லாத தண்ணீராக இருக்கட்டும். களிமண் நிறைந்த தொட்டியில் மழை நீரால் கழுவினால் மண் சிமெண்ட் போல இறுகக் கூடும். மேலே ஒரு ஸ்பூன் ஜிப்சம் தூவிவிட்டுக் கழுவுங்கள். தென்னை நார்க் கட்டி வாங்கி நடுகிறவர்கள் அதையே முதலில் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். அதிலும் உப்பு வரும்.

இனி எதை ஊற்றுவது? இங்கே எக்ஸெல்லில் இன்னொரு சிறு கணக்கு. ஒவ்வொரு முறையும் ஊற்றியதில் ஐந்தில் ஒரு பங்கை வடியவிடுகிறீர்கள் என்றால், நாளடைவில் வடியும் நீரின் உப்பு ஊற்றும் நீரைப்போல் ஐந்து மடங்கில் போய் நிற்கும். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடுவதால் இப்படி. புதிய ஷீட்டில் ஒரு செல்லில் ஊற்றும் நீரின் டி.டி.எஸ்., பக்கத்தில் வடியவிடும் பங்கு (20% என்றே டைப் செய்யலாம்), மூன்றாவதில் முதலாவதை இரண்டாவதால் வகுக்கும் பார்முலா. எண்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். 1,500ஐ 20% வடியவிட்டால் 7,500. மூன்றில் ஒரு பங்கை வடியவிட்டாலும் 4,500. அதே 20 சதவீதத்தில் 400 உள்ள தண்ணீருக்கு 2,000தான். கொஞ்சம் சுண்ணாம்பு மண்ணிலேயே படிந்துவிடும், செடியும் சிறிது எடுத்துக்கொள்ளும் என்பதால் உண்மை எண் சற்றுக் குறையலாம். ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? 1,500 உள்ள தண்ணீரை எவ்வளவு தாராளமாக ஊற்றினாலும் தப்ப முடியாது. தண்ணீரையே மாற்ற வேண்டும்.

மழை நீர் முதல் தேர்வு. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லி மீட்டர் பெய்தால் 500 லிட்டர். முதல் பத்து நிமிடத் தூசியை வெளியே விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஏ.சி. இருந்தால் அதன் குழாயில் சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவில் இருப்பவர்கள் அதை அளந்து பாருங்கள். போரைவிட நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் கலக்கலாம்: 1,450 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, 50 உள்ள ஏ.சி. நீர் மூன்று பங்கு என்றால் 1,450ம் 150ம் சேர்ந்து 1,600. நான்கால் வகுத்தால் 400. ஆர்.ஓ. கழிவு நீர் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் போகட்டும். மிருதுவாக்கும் கருவியில் வரும் தண்ணீரும் செடிக்கு வேண்டாம். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோடியத்தைப் போடுகிறது, டி.டி.எஸ். பெரிதாகக் குறைவதில்லை. சோப்பு நுரைக்கும், செடி வாடும்.

ஈரம் காட்டும் மீட்டரை நம்பலாமா?

மண்ணில் குத்தினால் முள் நகர்ந்து ஈரம் காட்டும் மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. வேறு ஊரில் எப்படியோ, நம் பக்கத்தில் வாங்க வேண்டாம் என்பேன். பேட்டரி இல்லாத மாடல்கள் இரண்டு உலோகங்களுக்கு இடையே பிறக்கும் சிறு மின்சாரத்தைத்தான் அளக்கின்றன. உப்பு கூடினால் மின்சாரம் கூடும். மண் காய்ந்து வந்தாலும் முள் 'ஈரம்' என்ற பக்கமே நிற்கும். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் அதை விட்டுப் பாருங்கள். பிறகு அதே டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள். தண்ணீரின் அளவு மாறவில்லை. முள் மட்டும் தாவும்.

கல்லூரி மாணவர்கள் ஆர்டுயினோ பலகையில் சென்சார் மாட்டித் தானியங்கி நீர்ப்பாசனம் செய்கிறார்கள். அவர்களுக்கும் இதேதான். இரண்டு கம்பி உள்ள மலிவான சென்சார் உப்பால் ஏமாறும். சில வாரங்களில் அரித்தும் போகும். கெபாசிட்டிவ் வகை வாங்குங்கள். அதுவும் உப்பை அறவே பொருட்படுத்தாது என்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவோ தேவலை. தராசுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை.

வாரம் ஒருமுறை போனில் ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் செடிக்கென ஒரு போல்டரில் போட்டு வையுங்கள். பைல் பெயரை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் கொடுங்கள். 2025-06-05 என்பது போல. அப்போதுதான் பெயர் வரிசையில் அடுக்கினாலும் கால வரிசையில் நிற்கும். தேதியை முதலில் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். எஃப் காலத்தையும், கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி ஏ காலத்தையும் தேர்வு செய்து, இன்சர்ட் டேபில் லைன் சார்ட் கிளிக் செய்தால், படத்தில் இலை கருகத் தெரிவதற்குப் பல நாள் முன்பே கோடு இறங்கியிருப்பதைக் காணலாம்.

அக்கா ரோஜாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவினார். கடைசியில் வடிந்தது 900. பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை; எஃப் காலத்தில் 60, 60, 65. மூன்றாவது வாரத்தில் 95 ஆனது. அதற்குப் பிறகுதான் கணுவில் சிவப்பாகத் துளிர் வந்தது. கறிவேப்பிலை பிழைக்கவில்லை. அதன் ஷீட்டை அழிக்கச் சொன்னேன். "இருக்கட்டும்டா, எந்தத் தேதியில போச்சுன்னு தெரியணும்ல" என்றார். இப்போது அதே பைலில் இன்னொரு ஷீட் போட்டு, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.